இங்கிலாந்தில் கீழ் லீக் கால்பந்து: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊரில் இருந்தபோது சனிக்கிழமை இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ டிவியில் பார்த்துப் பழகிய பிரீமியர் லீக் ஆட்டத்தை, லண்டனுக்கு வந்த பிறகு டிவியில் பார்க்க முடியாது. இங்கே சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரலையில் காட்டத் தடை இருக்கிறது. எல்லோரும் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் சின்ன கிளப்புகளின் மைதானம் காலியாகிவிடும் என்பதற்காக வைத்த விதி. சரி, நேரில் போய்விடலாம் என்று கிளம்பினால் அடுத்த தடை. நான் வந்த புதிதில் பெரிய கிளப் ஒன்றுக்கு உறுப்பினர் கட்டணம் கட்டினேன். அந்தக் கட்டணம் டிக்கெட்டுக்கு அல்ல, டிக்கெட் குலுக்கலில் பெயர் கொடுக்கும் உரிமைக்கு. குலுக்கலில் பெயர் வரவில்லை. சொந்த மைதான லீக் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கும் சீசன் டிக்கெட் கேட்டால் காத்திருப்போர் பட்டியல், அது பல வருடம் நீளும்.

அதே சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லண்டனைச் சுற்றி எத்தனையோ மைதானங்களில் ஆட்டம் நடக்கிறது. காலையில் முடிவெடுத்து மதியம் போய் நிற்கலாம். நீங்கள் கத்துவது கோல்கீப்பர் காதில் விழும். நாலைந்து வாரம் தொடர்ந்து போனால் பக்கத்தில் நிற்பவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். சொந்த பந்தம் யாரும் இல்லாத நாட்டில் வாரம் ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, வந்து ஆறு மாதம் ஆன யாரையும் கேட்டுப் பாருங்கள். பெரிய லீக்கில் நாம் வாடிக்கையாளர். கீழ் லீக்கில் ஒரே சீசனில் அந்தக் கிளப்பின் ஆளாகிவிடலாம். அதற்கு என்ன செய்ய வேண்டும், என்ன செலவாகும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதைத் தேடித் தேடித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

1. முதலில் ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள்

பிரீமியர் லீக்கில் 20 கிளப். அதற்குக் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. மொத்தம் 92. இதற்கும் கீழே இருப்பதை நான்-லீக் என்கிறார்கள். அதன் உச்சியில் நேஷனல் லீக், பிறகு நேஷனல் லீக் நார்த், சவுத். அதற்கும் கீழே இஸ்த்மியன், சதர்ன், நார்தர்ன் பிரீமியர் லீக்குகள். இன்னும் கீழே மாவட்ட அளவிலான லீக்குகள்.

எல்லாம் ஒரே ஏணி. ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் 2002-இல் ஒன்பதாவது படியில் தொடங்கி 2011-இல் லீக் டூவுக்கு ஏறியது. அதனால் ஒரு கிளப் இன்று எந்தப் படியில் இருக்கிறது என்பதைப் பழைய கட்டுரைகளில் தேடாதீர்கள். ஒவ்வொரு மே மாதமும் மாறும்.

2. வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு கிளப்

தேர்ந்தெடுக்க நான் சொல்லும் ஒரே அளவுகோல் தூரம். வரலாறு, ஜெர்சி நிறம், வெற்றி எல்லாம் பிறகு. நவம்பர் மாதம் செவ்வாய்க்கிழமை இரவு, மழையில், வேலை முடிந்து போக முடிகிற இடத்தில் கிளப் இருந்தால்தான் பழக்கம் நிற்கும்.

தமிழர்கள் அதிகம் குடியிருக்கும் பகுதிகளை வைத்தே சொல்கிறேன்.

டூட்டிங் பக்கம் இருந்தால் ஏ.எஃப்.சி. விம்பிள்டன். ப்ளவ் லேனில் உள்ள மைதானத்துக்கு டூட்டிங் பிராட்வே ஸ்டேஷனிலிருந்து அரை மணிக்குள் நடந்துவிடலாம். ரயிலில் வருபவர்களுக்கு ஹேடன்ஸ் ரோடு பக்கம். சுமார் 9,000 பேர் கொள்ளும், 2020-இல் திறந்த மைதானம். என் கிளப் இதுதான். அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கம் இருந்தால் உங்களுக்குத்தான் யோகம். லேட்டன் ஓரியன்ட்டின் பிரிஸ்பேன் ரோடு மைதானம் சென்ட்ரல் லைனில் லேட்டன் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். டாகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜ் பார்க்க ஈஸ்ட் ஹாமிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, மாறாமல் டாகன்ஹாம் ஈஸ்ட்டில் இறங்கலாம். ஃபாரஸ்ட் கேட்டில் ஓல்ட் ஸ்பாட்டட் டாக் மைதானத்தில் கிளாப்டன் சி.எஃப்.சி. உறுப்பினர்களே நடத்தும் கிளப், 2020-இல் அந்த மைதானத்தையும் வாங்கிவிட்டார்கள். ஏணியில் மிகவும் கீழே இருக்கும் கிளப்தான். ஆனால் அங்கே கேட்கும் பாட்டும் கூச்சலும் பெரிய மைதானங்களுக்குச் சளைத்தவை அல்ல.

வெம்பிளி, ஹாரோ பக்கம் என்றால் பார்னெட். தி ஹைவ் மைதானம் கேனன்ஸ் பார்க் ஸ்டேஷன் அருகில், வெம்பிளி பார்க்கிலிருந்து ஜூபிலி லைனில் மூன்றாவது நிறுத்தம். ரைஸ்லிப்பில் ஆடும் வீல்ட்ஸ்டோனும் இந்தப் பக்கத்துக் கிளப்தான். க்ராய்டன்காரர்களுக்கு சட்டன் யுனைடெட், ப்ராம்லி இரண்டும் எட்டும் தூரம்.

முதல் மாதம் இரண்டு மூன்று கிளப்பைச் சுற்றிப் பாருங்கள். எந்த மைதானத்தில் உங்களுக்கு நிற்கப் பிடித்திருக்கிறதோ அதில் நில்லுங்கள்.

3. ஆட்டம் நடக்கிறதா என்று இருமுறை பாருங்கள்

சீசன் ஆகஸ்டில் தொடங்கி ஏப்ரல் கடைசி, மே தொடக்கம் வரை போகும். அட்டவணை கோடையிலேயே வெளியாகிவிடும், ஆனால் அதை நம்பி மட்டும் கிளம்பாதீர்கள். மூன்று காரணங்களால் தேதி மாறும்.

ஒன்று, கோப்பை ஆட்டங்கள். எஃப்.ஏ. கோப்பையில் (லீக்குக்கு வெளியே, பல படிகளின் கிளப்புகளும் மோதும் நாக்-அவுட் போட்டி) கிளப் அடுத்த சுற்றுக்குப் போனால் அந்தச் சனிக்கிழமை லீக் ஆட்டம் தள்ளிப்போகும். இரண்டு, மேல் பிரிவுகளில் டிவிக்காக நேரம் மாற்றுவார்கள். மூன்று, குளிர்காலம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தரை உறைந்தாலோ தண்ணீர் தேங்கினாலோ நடுவர் காலையில் மைதானத்தைப் பார்த்துவிட்டு ரத்து செய்துவிடுவார். கீழே போகப் போக இது அதிகம். ஆட்டநாள் காலை பதினொன்று வாக்கில் கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்க்காமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். ரத்தான ஆட்டம் பெரும்பாலும் ஒரு செவ்வாய் இரவு 7.45-க்குப் போகும்.

4. டிக்கெட்: விலை, அட்டை, அடையாளச் சான்று

பெரியவர் ஒருவருக்கான தோராயமான விலை இது. லீக் ஒன், லீக் டூவில் 20 முதல் 30 பவுண்டு. நேஷனல் லீக்கில் 20 பவுண்டை ஒட்டி. இஸ்த்மியன் பிரீமியர் போன்ற லீக்குகளில் 12 முதல் 15. அதற்கும் கீழே பத்துப் பவுண்டுக்கு உள்ளேயே முடிந்துவிடும். குழந்தைகளுக்குப் பல கிளப்புகளில் ஓரிரு பவுண்டுதான், சில இடங்களில் இலவசம். நாலு பேர் கொண்ட குடும்பம் பெரிய லீக்கில் ஒரே ஒருவருக்குக் கொடுக்கும் பணத்தில் இங்கே போய் வந்துவிடலாம்.

லீக் டூ வரை ஆன்லைனில் முன்பதிவு செய்வது நல்லது. சில ஆட்டங்கள் முன்கூட்டியே விற்றுத் தீரும், ஆட்டநாளில் வாங்கினால் விலையும் ஏறலாம். நான்-லீக்கில் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் புதிதாக வந்தவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஊர் வங்கி அட்டையில் பணம் கட்டினால் ஓ.டி.பி. ஊர் எண்ணுக்குப் போகும். அந்த சிம் வேலை செய்யாவிட்டால் டிக்கெட் கையை விட்டுப் போய்விடும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் சேரும். இங்கே ஒரு வங்கிக் கணக்கு திறந்து அந்த அட்டை வரும் வரை, வாசலில் பணம் வாங்கும் கிளப்புகளுக்குப் போங்கள். வாசலில் பணம் வாங்குவார்களா, அட்டை மட்டும்தானா என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

சலுகைக் கட்டணம் என்ற சொல்லுக்கு ஒவ்வொரு கிளப்பிலும் ஒவ்வொரு அர்த்தம். ஓரிடத்தில் முழுநேர மாணவர் எல்லோருக்கும் உண்டு, இன்னோர் இடத்தில் 21 வயதுக்குள் மட்டும். பல்கலைக்கழக அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். அதன் புகைப்படத்தை ஏற்காத வாசல்காவலர்களும் உண்டு. சலுகை டிக்கெட்டுக்குச் சான்று இல்லாவிட்டால் மீதிப் பணத்தைக் கட்டச் சொல்வார்கள்.

இருக்கை தேர்வு செய்யும்போது ‘அவே’ என்று குறித்த பகுதியில் வாங்கிவிடாதீர்கள். அது எதிரணி ரசிகர்களுக்கானது, நம் கிளப்பின் சட்டையோடு போனால் உள்ளே விடமாட்டார்கள்.

மறுவிற்பனைத் தளங்களிலும், வாட்ஸப் குழுக்களில் முகம் தெரியாதவர்களிடமும் வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உங்களால் போக முடியாத ஆட்டத்துக்கான டிக்கெட்டை லாபம் வைத்து விற்பதும் அதில் அடங்கும். கிளப்பின் அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

5. மைதானத்துக்குள்

ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்பு போய்ச் சேருங்கள். கீழ் லீக்கில் பல இடங்களில் நின்று பார்க்கும் திட்டு உண்டு, அதை டெரஸ் என்பார்கள். உட்காரும் இடத்தைவிட விலை குறைவு. உயிரோட்டம் எல்லாம் அங்கேதான் இருக்கும், முதல் தடவையே அங்கே நில்லுங்கள். ரசிகர்களைப் பிரித்து வைக்காத சின்ன மைதானங்களில் இடைவேளையில் கூட்டம் இடம் மாறும். தங்கள் அணி எந்த கோலை நோக்கி அடிக்கிறதோ அந்த கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள். நீங்களும் கூடவே நடங்கள். ஆட்கள் பழக்கமாவது பெரும்பாலும் அந்த நடையில்தான்.

உடை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். தெர்மல் உள்ளாடை, இரண்டு சாக்ஸ், மழைக்கோட்டு. டெரஸில் குடை விரித்தால் பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், பல இடங்களில் அனுமதியும் இல்லை. பெரிய பைகளைத் தவிர்த்துவிடுங்கள். பிரீமியர் லீக் கிளப்பின் ஜெர்சியை மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். யாரும் அடிக்கமாட்டார்கள், ஆனால் இந்த மக்கள் எதற்காக இங்கே வந்து நிற்கிறார்களோ அதற்கே எதிரானது அது.

மது பற்றி ஒரு விதி உண்டு. மேலிருந்து முதல் ஐந்து பிரிவுகளில், ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் மது அருந்தக் கூடாது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்குக் கீழே நடக்கும் லீக் ஆட்டங்களில் மதுக் கோப்பையோடு கோட்டோரம் நிற்கலாம். ஒரு வாரம் அங்கே பார்த்துவிட்டு அடுத்த வாரம் லீக் டூ மைதானத்தில் அதேபோல் கிளம்பினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

சாப்பாடு என்றால் பர்கர், பை (உள்ளே இறைச்சி போன்றவற்றை அடைத்துச் சுட்ட பண்டம்), சிப்ஸ். சைவர்களுக்குச் சிப்ஸும் தேநீரும் நிச்சயம், மற்றவை கிளப்பைப் பொறுத்தது. ஹலால் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், அல்லது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வாசலில் ஒரு பெரியவர் இடைவேளைக் குலுக்கல் சீட்டு விற்பார். ஓரிரு பவுண்டுதான், வாங்குங்கள். வசூலின் ஒரு பகுதி கிளப்புக்கோ அதன் இளைஞர் அணிக்கோ போகும்.

6. சீசன் டிக்கெட் கணக்கு

நாலைந்து ஆட்டம் பார்த்த பிறகே இதை யோசியுங்கள். லீக் ஒன், லீக் டூ, நேஷனல் லீக் மூன்றிலும் 46 லீக் ஆட்டங்கள், அதில் 23 சொந்த மைதானத்தில். 22 அணிகள் உள்ள லீக் என்றால் சொந்த மைதானத்தில் 21. சீசன் டிக்கெட் விலையை ஒற்றை டிக்கெட் விலையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணிக்கையைவிட அதிக ஆட்டங்களுக்கு உங்களால் போக முடிந்தால் மட்டும் வாங்குங்கள். வார இறுதியில் ஷிஃப்ட் வேலை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு ஒற்றை டிக்கெட்டே போதும்.

பல கிளப்புகளில் வசந்த காலத்தில் முன்பதிவு விலை அறிவிப்பார்கள், கோடையில் ஏற்றிவிடுவார்கள். செப்டம்பரில் படிக்க வருபவர்களுக்கு அந்த விலை கிடைக்காது. கிறிஸ்துமஸ் சமயத்தில் அரை சீசன் டிக்கெட் விற்கும் கிளப்புகள் உண்டு. முதல் வருடத்துக்கு அதுதான் சரி.

வாங்க என்ன வேண்டும்? பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல், இங்கிலாந்து முகவரி. அட்டையைத் தபாலில் அனுப்பும் கிளப் என்றால், அறை மாறும்போது முகவரியையும் மாற்றிச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு வயதுச் சான்று கேட்டால் பாஸ்போர்ட் நகல் போதும்.

கோப்பை ஆட்டங்கள் பொதுவாக சீசன் டிக்கெட்டில் சேராது. எஃப்.ஏ. கோப்பையில் உங்கள் கிளப் பெரிய அணியோடு மோதும் நாளுக்குத் தனியாக வாங்க வேண்டும். ஆனால் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு முன்னுரிமை கிடைக்கும், அந்த ஒரு நாளுக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். பிரீமியர் லீக் அணிகள் ஜனவரியில் மூன்றாம் சுற்றில்தான் கோப்பைக்குள் வரும். நான்-லீக் கிளப்புகள் ஆகஸ்ட் முதலே ஆடிக்கொண்டிருக்கும். ஆகஸ்டில் முந்நூறு பேரோடு நின்று பார்த்த கிளப் நவம்பரில் முதல் சுற்றுக்கு வந்து நிற்கும்போது உள்ளுக்குள் என்ன ஆகும் என்பதை நான் எழுதி விளங்கவைக்க முடியாது.

தவணையில் கட்டும் வசதி சில கிளப்புகளில் கடன் நிறுவனம் வழியாக வருகிறது. இங்கே கடன் வரலாறு இல்லாதவர்களின் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், அதனால் மொத்தமாகக் கட்டத் தயாராக இருங்கள்.

கட்டும்போது கடனட்டை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கீழ் லீக் கிளப்புகளின் நிதிநிலை உறுதியானது அல்ல. 2019-இல் பரி கிளப் பணச் சிக்கலால் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது, அடுத்த வருடம் மாக்கில்ஸ்ஃபீல்ட் டவுன் கலைக்கப்பட்டது. 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளையோ சேவையையோ கடனட்டையில் வாங்கினால், விற்றவர் கைவிட்டாலும் அட்டை நிறுவனத்திடம் பணத்தைக் கோரச் சட்டத்தில் இடம் உண்டு.

7. வெளியூர் ஆட்டம்

டிக்கெட்டைவிட ரயில் கட்டணம் பல மடங்கு ஆகும். நாள் குறித்து வாங்கும் அட்வான்ஸ் ரயில் டிக்கெட் மலிவுதான், ஆனால் ஆட்டம் ரத்தானால் அந்தப் பணம் திரும்ப வராது. குளிர்காலத்தில் ரசிகர்கள் ஏற்பாடு செய்யும் பேருந்தில் போங்கள். ஆட்டம் ரத்தானால் அவர்களுக்கும் அதே ஆட்டம்தானே, பொதுவாகப் புதுத் தேதிக்கு மாற்றித் தருவார்கள். பேருந்தில் முன்பதிவு அவசியம்.

ரயிலில்தான் போவேன் என்றால் 16-25 ரெயில்கார்டு எடுங்கள். வருடத்துக்கு 35 பவுண்டு, பெரும்பாலான கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். 25-க்கு மேல் வயதான முழுநேர மாணவர்களும் பல்கலைக்கழகக் கையெழுத்தோடு விண்ணப்பிக்கலாம். செவ்வாய் இரவு ஆட்டம் முடிய ஒன்பதே முக்கால் ஆகும். கடைசி ரயில் நேரம் தெரியாமல் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

8. கிளப்பில் ஒரு பங்கு

பெரிய லீக்கில் எந்தத் தொகைக்கும் எளிதில் கிடைக்காத ஒன்று இங்கே உண்டு. ஏ.எஃப்.சி. விம்பிள்டனின் பெரும்பான்மைப் பங்கு டான்ஸ் டிரஸ்ட் என்ற ரசிகர் அமைப்பிடம் இருக்கிறது. எக்ஸீட்டர் சிட்டியும் 2003 முதல் ரசிகர்கள் கையில்தான். இப்படிப்பட்ட அமைப்பில் சேர வருடச் சந்தா பொதுவாக ஓர் ஆட்ட டிக்கெட் விலையை ஒட்டித்தான் இருக்கும். ஆயிரம் பவுண்டு கொடுத்தவருக்கும் ஒரு ஓட்டு, உங்களுக்கும் ஒரு ஓட்டு. குடியுரிமை கேட்கமாட்டார்கள். முகவரியும் மின்னஞ்சலும் போதும்.

வாக்களிக்க, இன்ன தேதிக்கு முன் உறுப்பினராகியிருக்க வேண்டும் என்று விதி இருக்கலாம். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முந்தின வாரம் சேர்ந்துவிட்டு ஓட்டு இல்லையே என்று வருந்தாமல், சீசன் தொடக்கத்திலேயே சேர்ந்துவிடுங்கள்.

9. தன்னார்வ வேலை: விசாவைப் பார்த்துக்கொண்டு

சின்ன கிளப்புகள் தன்னார்வலர்களால்தான் ஓடுகின்றன. டிக்கெட் கிழிப்பது, தேநீர்க் கடை, ஆட்டநாள் கையேடு விற்பது, புகைப்படம் எடுப்பது, எதற்கும் ஆள் தேவை. கேட்டால் மறுக்கமாட்டார்கள். மொழி பழகவும், இங்கே வேலை தேடும்போது பரிந்துரைக் கடிதத்துக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மாணவர் விசாவில் தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ இருக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு. உள்துறை அமைச்சகம் இதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், அரைத் தொழில்முறை மட்டத்தில் ஆடுவதும் பயிற்சி கொடுப்பதும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அடங்கும். நான்-லீக் கிளப்புகள் பல அந்த மட்டம்தான். ஊரில் மாவட்ட அணிக்கு ஆடியவர்களை “வாருங்கள், பயிற்சிக்கு வந்து பாருங்கள்” என்று அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு உங்கள் விசா நிபந்தனை தெரியாது. பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் பதில் வாங்காமல் பூட்ஸைக் கட்டாதீர்கள். மாணவர் விசாக்காரர்கள் தன்னார்வ வேலையிலும் ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை மணி நேரம் கட்டாயம் வர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டால் அது ஊதியமில்லாத வேலையாகக் கருதப்பட்டு, உங்கள் வாராந்திர வேலை நேரத்தில் சேரலாம்.

குழந்தைகள் அணியோடு உதவப் போவதானால் டி.பி.எஸ். எனப்படும் பின்னணிச் சோதனை கேட்பார்கள். பாஸ்போர்ட், விசா நிலைக்கான சான்று, முகவரிச் சான்று, கடந்த ஐந்து வருட முகவரிகள் எல்லாம் தேவை, ஊர் முகவரி உட்பட. பின்கோடோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் போலீஸ் சான்றிதழும் கேட்கக்கூடும், அதைத் தூதரகம் வழியாக வாங்க நாளாகும். தன்னார்வலர்களுக்கு டி.பி.எஸ். கட்டணம் இல்லை, ஆனால் கையில் கிடைக்கப் பல வாரம் ஆகலாம். ஆகஸ்டில் தொடங்க வேண்டுமென்றால் ஜூனிலேயே கிளப்பின் குழந்தைகள் நல அலுவலரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.